குடலுக்கும் உண்டு பொன்னான நேரம்

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் வழியே செல்லும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை பல மணி நேரம் முடங்கியது. ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதும், அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் அப்போராட்டத்துக்குக் காரணம். அதன் பின்னர் தொழிலாளர் விடுதிகளின் உணவும் வசதிகளும் அரசின் ஆய்வுக்கு உள்ளாயின. அது நல்ல விளைவு.

ஆனால், எல்லா வயிற்றுவலிக்கும் உணவே காரணம் அல்ல. வாயு, அல்சர் என்று எண்ணி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு இரவுப் பணிக்குச் செல்வது தொழிற்பேட்டைகளில் இயல்பான காட்சி. பெரும்பாலும் அதனால் தீங்கு நேர்வதில்லை. அரிதாகச் சிலருக்கு மட்டும் அந்த வலி, குடலுக்கு ரத்தம் செல்லும் பாதை அடைபட்டதன் அறிகுறி.

இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்கு இதயத்தில் உருவாகும் ரத்தக்கட்டி குடல் தமனியை அடைத்துவிடலாம். முதியோரே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். குடலின் சிரைகளில் ரத்தம் உறைவதோ இளையோருக்கும் நடுத்தர வயதினருக்கும்கூட நேரக்கூடியது. தமனி அடைப்பில் வலி தாங்க முடியாததாக இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலோ மென்மையாகவே இருக்கும். இந்த முரண்தான் மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் தடயம். சாதாரண எக்ஸ்ரே எதையும் காட்டாமல் போகலாம். சாயமருந்து செலுத்தி ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேனே நோயை உறுதிசெய்யும்.

ரத்தம் முற்றிலும் நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்குகிறது. கண்டறிவதில் ஏற்படும் ஒவ்வொரு 6 மணி நேரத் தாமதமும் இறப்பை இரட்டிப்பாக்குகிறது என்கிறது உலக அவசர அறுவை சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதல். உரிய நேரத்தில் வந்தவருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும், அடைப்பை நீக்கும் சிகிச்சையும் குடலைக் காக்கக்கூடும். தாமதித்து வந்தவருக்கு அழுகிய பகுதியை வெட்டி எடுப்பதே வழி. தீவிர அடைப்புக்கு ஆளானோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். பிழைத்தவர்களிலும், சிறுகுடல் 2 மீட்டருக்கும் குறைவாக எஞ்சினால், சிலர் நரம்பின் வழியே ஊட்டச்சத்து ஏற்றியே வாழ நேரிடும். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பேரிடி.

தமிழகம் நேரத்தின் அருமையை அறியாத மாநிலம் அல்ல. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கியதும் அதே 2021 டிசம்பரில்தான். மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகியவற்றுக்கும் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை நெறிமுறைகள் உள்ளன. கடும் வயிற்றுவலியையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஸ்ரீபெரும்புதூரில் 100 படுக்கைகள் கொண்ட இஎஸ்ஐ மருத்துவமனைக்கு 2022-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்று ஷிப்டுகளாக இயங்கும் ஆலைகளுக்கு நடுவே அமையும் மருத்துவமனையில் நள்ளிரவிலும் சி.டி. ஸ்கேன் இயங்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல மருத்துவர் இருக்க வேண்டும். ரத்தக் குழாய் அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்பும் ஏற்பாடும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஆலைகளின் முதலுதவி அறைகளுக்கு ஒரே விதி போதும்: வலிமருந்துக்கும் அடங்காத வயிற்றுவலியோடு வருபவரை மீண்டும் பணிக்கு அனுப்பக் கூடாது. அன்றைய ஊதியம் பறிபோகாது என்ற உறுதியையும் நிர்வாகம் அளித்தால்தான், அவர் வலியை மறைக்காமல் சொல்வார்.