“எங்களுக்குப் பின்னால் யார்?” - சர்க்கார் பதில் சொல்லட்டும்!

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஜன சமுத்திரம். சாத்தூரிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுகிற இடத்தில் பொங்கல் புகை, அக்கினிச் சட்டி, கொட்டுச் சத்தம். பட்டாசுத் தொழிலாளி, தீப்பெட்டித் தொழிலாளி, கரிசல் காட்டுக் கூலி - வந்திருப்போரில் பெரும்பாலோர் நம்மவர்கள்தாம்.

அந்தக் கூட்டத்தில் நாம் ஒரு தாயைச் சந்தித்தோம். பக்கத்தில் அவருடைய மகன். 2003-ல் பிறந்தவன், 22 வயது வாலிபன். கொட்டுச் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் ஒரு பழஞ்சேலைத் துணி. அதன் மறு முனை தாயின் மணிக்கட்டில் முடிந்திருந்தது. “கூட்டத்துல ஓடிருவான் அண்ணாச்சி” என்றார். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலை அவருக்கு. பின்னிய கணக்குக்குத்தான் கூலி. பையனுக்கு ஆட்டிசம்.

“அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் அம்மா?” என்று கேட்டோம்.

“சின்னதுல, இவன் வாய் திறந்து பேசணும்னு வேண்டுனேன். இப்ப, எனக்கு முந்தி இவன் போயிரணும்னு வேண்டிக்கிடுறேன்.”

பெற்ற மகன் தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஒரு தாயை வேண்ட வைத்தது எது? விதி என்பார்கள் சிலர். முன்வினை என்பார்கள் சிலர். இரண்டும் பொய்! அந்தத் தாய் கோயிலுக்கு வந்ததை நாம் பரிகசிக்க மாட்டோம். போன கதவெல்லாம் அடைபட்ட பிறகு, அடைக்காத ஒரு வாசலுக்கு அவர் வந்திருக்கிறார். கதவை அடைத்தவர்களிடம்தான் நமக்குக் கணக்கு இருக்கிறது.

தாயைக் குற்றவாளியாக்குவது பாமரர் மட்டும் செய்த காரியமல்ல. 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பரிசோதித்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். அதன் பிறகு மேல்நாட்டு மேதாவிகள் பலர், தாய்க்குப் பாசம் குறைந்ததே காரணம் என்று 20 வருஷம் சாதித்தார்கள். அந்தப் புளுகை உடைத்தது யார்? ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பனாராகிய பெர்னார்டு ரிம்லாந்து! மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள மாறுபாடு இது என்று 1964-ல் புத்தகம் எழுதினார். மறு வருஷமே மற்றப் பெற்றோர்களைச் சேர்த்துச் சங்கம் கண்டார். நம் நாட்டிலும் 1991-ல் டில்லியில் மெரி பரூவா என்ற தாய்தான் முன்னால் நின்று அமைப்பு தொடங்கினார். பெற்றோர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டதால்தான் கதவு கொஞ்சமாவது திறந்தது. எவருடைய தர்ம சிந்தையாலும் அல்ல.

திறந்த கதவின் லட்சணத்தைப் பாருங்கள். 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் 7 வகை ஊனங்கள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் ஏறியது. கல்வியும் வேலையும் உரிமை என்று சொல்லும் சட்டம் 2016-ல்தான் நிறைவேறியது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதில் 21 வகைகள், ஆட்டிசமும் ஒன்று. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் இலவசக் கல்வியை 6 வயதிலிருந்து 18 வயது வரைதான் உறுதி செய்கிறது. நம் இருக்கன்குடி வாலிபனின் கணக்கைப் போடுங்கள். சட்டம் அவனைக் கண்டுகொண்டபோது அவனுக்கு 14 வயது. கைவிட்டபோது 18. நாலே வருஷம்!

18-க்குப் பிறகு என்ன? அரசாங்க வேலையில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்கெல்லாம் சேர்த்து 1 சதவீதம் ஒதுக்கீடு. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்? மகன் பெயரில் காரியம் பார்க்கத் தாய் சட்டப்படியான காப்பாளர் ஆக வேண்டும்; அதற்கு மாவட்டக் கமிட்டியிடம் மனுப் போட வேண்டும். சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் உண்டு. அதைப் போட்டுப் பார்க்கும் நிபுணர் அகப்பட வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. “இன்னைக்கு ஆபீஸர் இல்லை, போய்ட்டு வாங்க” என்ற பதிலைக் கேட்க மட்டும் எத்தனை நாள் சரம் பின்னாமல் இருந்திருப்பார் அந்தத் தாய்!

பணத்தைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் ஊனமுற்றோர் பென்ஷனை 2012-ல் 300 ரூபாய் ஆக்கியது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் அதே 300! அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 சதவீத ஊனம் இருந்தால்தான். நாளொன்றுக்கு 10 ரூபாய். மாநில சர்க்கார் பராமரிப்புத் தொகையை 1,500-லிருந்து 2,000 ஆக்கியது. நாளொன்றுக்கு 67 ரூபாய். பக்கத்து ஆந்திராவில் 2024-ல் 6,000 ரூபாய் என்றும், முழுக்கப் பிறர் கையை நம்பியிருப்போருக்கு 15,000 என்றும் உயர்த்தினார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? “கஜானாவில் பணமில்லை” என்ற பல்லவியை முதலாளிகளுக்கு வரிச் சலுகை தரும்போது ஒருவரும் பாடக் காணோமே!

குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் எங்கே போய் முடியும்? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் முடிந்தது. தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். ஆட்டிசம் மனநோய் அல்ல. அது வேறு, இது வேறு. ஆனால் ஊரில் ஓர் ஏற்பாடும் இல்லாததால் கட்டிப் போடுகிறார்களே, அது இரண்டுக்கும் ஒன்றுதான். இன்றைக்குச் சேலைத் துணி. தாயின் கை ஓய்ந்த பிறகு?

இந்த வட்டாரத்தில் தாயின் கை முதுமையில்தான் ஓயும் என்று நிச்சயமா? 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். “எங்களுக்குப் பின்னால் யார்?” என்பது இங்கே கிழப் பருவத்துக் கேள்வி அல்ல, தினமும் காலையில் ஆலைக்குக் கிளம்பும்போது எழுகிற கேள்வி.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். கூலி, போனஸ், விபத்து நஷ்ட ஈடு என்று கோஷம் போட்ட நாம், தொழிலாளி வீட்டுக்குள் கட்டிக் கிடக்கும் பிள்ளையைப் பற்றிக் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி எழுதினோமா? அது குடும்ப விஷயம் என்று ஒதுங்கினோம். அது தவறு. எட்டு மணி நேரம் மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத தாய்க்குக் கூலி உயர்வு மட்டும் விமோசனம் தராது.

ஆகவே கேட்போம். ஒவ்வொரு வட்டத்திலும் 18 வயது தாண்டியவர்களுக்குப் பகல் நேரப் பராமரிப்பு நிலையமும் தொழிற்பயிற்சியும் வேண்டும். பெற்றோர் இல்லாத காலத்தில் கௌரவமாக வாழச் சர்க்கார் பொறுப்பில் இல்லம் வேண்டும். அங்கே சங்கிலி கூடாது. சான்றிதழும் காப்பாளர் உத்தரவும் வட்டத் தலைநகரிலேயே முகாம் போட்டுத் தர வேண்டும். உதவித் தொகை ஆந்திராவுக்குச் சமமாக உயர வேண்டும். பராமரிக்கும் தாய்க்குத் தனிப் படி வேண்டும்.

இவை பிச்சை அல்ல. நாட்டின் பட்டாசில் பெரும் பகுதியைச் செய்து கொடுக்கும் கைகள் கேட்கிற பாக்கி.

அந்தத் தாயின் வேண்டுதல் பலிக்கக் கூடாது தோழர்களே! “எனக்குப் பின்னும் என் மகன் நன்றாக இருப்பான்” என்று அவர் அடுத்த ஆடியில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைப்பது அம்மன் பொறுப்பல்ல, சர்க்கார் பொறுப்பு. சர்க்காரைச் செய்ய வைப்பது நம் பொறுப்பு.