பாலுவின் ழகரம்

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். சிராங்கூன் சாலையில் அவர் குரல் இன்னும் ஓயவில்லை. இரசிகர்கள் அக்குரலின் இனிமையைப் புகழ்கிறார்கள். மூச்சுவிடாமல் ஒலிக்கும் 'கேளடி கண்மணி' படப் பாடலை வியக்கிறார்கள். தமிழாசிரியனாகிய எனக்கோ அவருடைய உச்சரிப்பே பெரிதாகத் தோன்றுகிறது.

அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. இன்றைய தெலுங்கில் ழகரமே இல்லை! 1969இல் வெளிவந்த 'அடிமைப் பெண்', 'சாந்தி நிலையம்' படங்களில் பாடியவர், பின்னாளில் 'மின்சார கனவு' படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். நான்கு மொழிகளில் அவர் பெற்ற ஆறு தேசிய விருதுகளுள் தமிழுக்கு உரியது அது. அவருக்கு முன்னோடியான டி.எம். சௌந்தரராஜனின் வீட்டுமொழியும் தமிழன்று, சௌராஷ்டிரம். 2013இல் மறைந்த அவர் பாட்டில் விளங்காத சொல் ஒன்றேனும் உண்டா?

"வீட்டில் ஆங்கிலந்தான் பேசுகிறோம், பிள்ளைக்கு ழகரம் எப்படி வரும்?" என்று கேட்கும் பெற்றோரிடம் இவ்விருவரையுமே சுட்டுகிறேன். நா பழகுமுன் செவி பழக வேண்டும். அதற்குத் துணைப்பாட வகுப்புத் தேவையில்லை (நடத்துவோர் பொறுத்தருள்க). ஆனால் எல்லாப் பாடலும் உதவாது. அண்மைக்காலப் பாடல்கள் பலவற்றில் லகர ளகர வேறுபாடு இரைச்சலில் கரைந்துபோகிறது.

ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். பாலு பாடிய பழைய பாடலொன்றைக் காட்சியின்றி ஒலிக்கவிட்டு, நான்கு வரிகளை மாணவரைக் கேட்டெழுதச் சொல்லுங்கள். திரையைக் காட்டினால் கண் விழித்துக்கொள்ளும், காது உறங்கிவிடும். எந்த எழுத்தில் எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.