வால்வு மீது ஏன் பழி?

பழைய கிடார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று பாட்டின் நடுவில் கரகரத்து அடங்கினால், ‘வால்வு போச்சு’ என்பதுதான் முதல் தீர்ப்பு. விசாரணை எதுவும் கிடையாது. கண்ணாடிக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகுகிறார்கள். அதுவும் சில நாளில் சிவந்து செத்தால், ‘சரக்கு மட்டம்’ என்று இரண்டாவது தீர்ப்பு வருகிறது.

இந்த அவசரத்துக்கு இரையாகிறவற்றில் பெங்களூர் ஜாலஹள்ளியில் பிறந்த வால்வுகளும் உண்டு. 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ரேடியோ வால்வுகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. அன்று அது மைசூர் மாநிலம். ‘பெல்’ முத்திரையோடு வந்தவற்றில் ஒன்று இஎல்84. பெயரே ஜாதகம்தான்: ‘இ’ என்றால் உள்ளிருக்கும் இழை 6.3 வோல்ட்டில் சூடாகும். ‘எல்’ என்றால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு. 8 என்றால் அடியில் ஒன்பது ஊசி. வீட்டு ரேடியோவில் செய்தியும் சினிமாப் பாட்டும் ஒலிக்கச் செய்த இந்த ரகம்தான், பீட்டில்ஸ் குழுவினர் மேடையேற்றிய வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையரிலும் நான்காக உட்கார்ந்திருந்தது.

ரேடியோவில் அதற்குச் சுகவாசம். ஏசி30இல் கடுங்காவல். இஎல்84இன் அனோடு தகடு தாங்கக்கூடியது 12 வாட் வெப்பம், 300 வோல்ட் மின்னழுத்தம். ஏசி30 அந்த எல்லையை ஒட்டியும் சில சமயம் தாண்டியும் அதை வேலை வாங்குகிறது. போதாக்குறைக்கு, வால்வு திணறும்போது எழுகிற அந்தக் கரகரப்பான இனிமைக்காகவே கிடார்காரர்கள் குமிழைக் கடைசிவரை திருப்புகிறார்கள். வால்வும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஓயாத அதிர்ச்சி வேறு. உள்ளே மெல்லிய கம்பிகள் தளர்ந்துவிட்டால், பென்சிலால் லேசாகத் தட்டினாலே ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று கேட்கும்.

வால்வுக்கு இயற்கை மரணமும் உண்டு. கேத்தோடில் பூசிய பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு ஓய்ந்துபோனால் எலெக்ட்ரான் வரத்து குறையும். ஒலி மெல்லச் சோர்ந்துபோகும். காற்றுப் புகுந்தால் கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்துவிடும். இந்த இரண்டுக்கும் மாற்று வால்வுதான் மருந்து.

ஆனால் அனோடு தகடே பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் சிவந்தால் கதை வேறு. முந்தைய வால்விலிருந்து இசையை மட்டும் விட்டு, அங்குள்ள உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்த ஒரு சிறு கப்பாஸிட்டர் இருக்கிறது. பல பத்தாண்டு பழசான பெட்டியில் அது கசியும். கசிந்தால் பவர் வால்வின் கிரிட் தன் கட்டுப்பாட்டை இழக்கும். மின்னோட்டம் வெள்ளமாகப் பாயும். குற்றவாளி விலை மலிவான கப்பாஸிட்டர். தண்டனை அனுபவிப்பது வால்வு. அடுத்து வருகிற வால்வுக்கும் அதே கதிதான். இடைவிடாத ‘ஹம்’ இரைச்சலும் பெரும்பாலும் பவர் சப்ளையில் காய்ந்துபோன கப்பாஸிட்டர்களின் வேலை. சாக்கெட்டில் களிம்பேறியிருந்தாலும் ஒலி விட்டுவிட்டு வரும்.

நம் ஊர் மின்சாரத்துக்கும் இதில் பங்குண்டு. 230 வோல்ட்டுக்கு அமைத்த டிரான்ஸ்ஃபார்மரில் 250 வந்தால், 6.3 வோல்ட் கேட்கும் இழைக்குச் சுமார் 6.85 கிடைக்கும். சிறு வித்தியாசம்போலத் தெரியும். அதுவே வழக்கமானால் கேத்தோடின் ஆயுள் கரையும்.

டிரான்ஸிஸ்டர் வந்தபிறகு ரேடியோக்காரர்களுக்கு வால்வு தேவைப்படவில்லை. கிடார்காரர்கள்தான் விடவில்லை. அவர்களுக்கான புது வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா ஏற்றுமதித் தடை அறிவித்தபோது, அமெரிக்க இசைக்கருவிக் கடைகள்வரை பீதி பரவியது. அந்த வரத்து பின்னர் மீண்டும் தொடங்கியது. ஜாலஹள்ளி வால்வுக்கு அப்படி மறுவரத்து இல்லை. மிச்சம் இருப்பதுதான் கையிருப்பு.

விஷயம் தெரிந்த மெக்கானிக் அதனால் முதலில் வால்வில் கைவைப்பதில்லை. பெட்டியை அணைத்தபிறகும் கப்பாஸிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். கசியும் கப்பாஸிட்டரை மாற்றி, சாக்கெட்டைச் சுத்தம் செய்து, ஸ்பீக்கர் இணைப்பைச் சரிபார்த்து, கழற்றி வைத்த பழைய வால்வையே மறுபடி பொருத்துகிறார். பல சமயம் அது ஒழுங்காகப் பாடுகிறது.