வேப்பங்கொழுந்தா, மாத்திரையா?

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வகுப்பில் கொடுத்த குடற்புழு மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்துவைத்து, சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிட்டேன். "நான் இருக்கும்போது பள்ளிக்கூடத்து மாத்திரை எதற்கு?" என்று அப்பத்தா சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய மருந்து வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிய சுண்டைக்காய் அளவு உருண்டை. அதன் கசப்பை எழுதி விளக்க முடியாது!

அப்பத்தாவின் பேச்சைத் தள்ளிவிடவும் முடியாது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவது பழைய வீடுகளின் வழக்கம். புழுவை அழிப்பதில் வாய்விளங்கமே தலைசிறந்தது என்கிறது ஆயுர்வேதம். அரசாங்கமும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறது. ஆறு மாதக் கணக்கில் இருவரும் ஒத்துப்போகிறார்கள், பாருங்கள்!

ஆனால் அப்பத்தாவின் உருண்டையில் மருந்து எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. மாத்திரையில் 400 மில்லிகிராம். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி. புழு சர்க்கரைச் சத்தை உறிஞ்ச முடியாமல் அது தடுக்கிறது. புழு பட்டினியால் சாகிறது. எனவே நான் துப்பியது தவறுதான். கொக்கிப்புழு நம் குடலில் தொங்கி இரத்தம் குடிப்பது. வளரும் பெண்களாகிய நமக்கு இரத்தசோகை எளிதில் வருமென்று அறிவியல் ஆசிரியை சொன்ன அன்று எனக்கு முகம் வெளுத்துவிட்டது.

இருந்தாலும் 'எது உயர்ந்தது' என்ற சண்டையில் முக்கியமானது விட்டுப்போகிறது என்பது என் கருத்து. சரக சம்ஹிதை புழுவுக்கு மூன்று வழி கூறுகிறது. புழுவை வெளியே எடு. அது வாழும் நிலையைக் கெடு. அது வரும் காரணத்தை விலக்கு. வேப்பங்கொழுந்தும் மாத்திரையும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாவதை விட்டால் என்ன ஆகும்? 1916-இல் இலங்கையின் மாத்தளைத் தோட்டங்களில், நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ராக்பெல்லர் அறநிறுவனத்தார் கொக்கிப்புழு மருந்து கொடுத்தார்கள். புழு வெளியேறியது. தொழிலாளர்களோ கழிப்பறை இல்லாத லயன்களுக்கு வெறுங்காலோடு திரும்பினார்கள். புழுவும் திரும்பியது. கொக்கிப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்தே உள்ளே வருகிறது. உருண்டைப் புழுவின் முட்டையோ கழுவாத கை வழியாகவும், மண் ஒட்டிய காய்கறி வழியாகவும் வரும். காய்கறிச் சந்தையால் பேர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில் சந்தையிலிருந்து வந்த கேரட்டைப் பாவாடையில் துடைத்துக் கடிக்காத பிள்ளை உண்டா? நானும் கடித்தவள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாத்திரை நாளன்று வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறீர்கள். கழிப்பறைக் குழாயடியிலோ சோப்பு ஒரு வாரம் இருக்கும், மூன்று வாரம் இருக்காது. அதையும் வரிசையாகக் கவனிக்க வேண்டாமா? ஒவ்வொரு வகுப்பும் முறைவைத்து ஒரு சோப்புக் கட்டி கொண்டுவந்தால் பெரிய செலவும் இல்லை. பத்தாம் வகுப்பார் முதலில் தொடங்கத் தயார்.

வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. தம்பி மாத்திரையும் விழுங்குகிறான், உருண்டையும் விழுங்குகிறான். அப்பா வாங்கித்தந்த செருப்பை மட்டும் வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குள் ஓடுகிறான்.