அத்தானின் எக்ஸலும் மகளின் டாக்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கை கழுவி வந்ததும், படிவம் 3 படிக்கும் அக்கா மகள், "சித்தி, உங்க லேப்டாப் கொஞ்சம் தர்றீங்களா? வரலாறு பாட ஒப்படைப்பு இருக்கு" என்றாள். நல்ல சித்தியாக வோர்டைத் திறந்து வெள்ளைப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என் ஃபிரண்ட்ஸ் எப்படி வருவாங்க?"

நான்கு பேர் சேர்ந்து எழுதும் ஒப்படைப்பாம். வோர்டிலும் அது முடியும் என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், டெலிமா கணக்கில் நுழைந்து, கூகுள் டாக்ஸில் எழுதத் தொடங்கிவிட்டாள். டெலிமாவில் மைக்ரோசாப்டும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் கூகுள் கிளாஸ்ரூமில் வேலை கொடுத்தால், பிள்ளை அங்கேதான் போகும்.

அதே மேசையின் மறுமுனையில் அத்தான். சிறிய லோரி நிறுவனம் நடத்துகிறார். மாதக் கடைசிக் கணக்கு எக்ஸலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அலுவலகக் கிராணி அக்கா 2009இல் தொடங்கிய கோப்பு அது. ஒவ்வொரு லோரிக்கும் ஒரு பக்கம். டீசல், டோல், ஓட்டுநரின் டிரிப் காசு எல்லாம் வண்ணம் வண்ணமாக இருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் சம்பளச் சீட்டு வந்து விழும். "இந்த ஃபைல் போச்சுன்னா என் லோரி நகராதும்மா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கூட்டரசு நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது இதே யோசனைதான். அத்தான் மாதிரி ஆட்களின் பணத்தில் வளர்ந்த நிறுவனம், அவர் மகள் வேலைக்குப் போகும் காலத்திலும் இதே இடத்தில் இருக்குமா?

இருக்காது என்பவர்களுக்குக் கையில் ஒரு பழைய கதை உண்டு. எக்ஸலுக்கு முன்னால் அலுவலகங்களை ஆண்டது லோட்டஸ் 1-2-3. 1983இல் வந்தது. அன்று பல நிறுவனங்கள் ஐபிஎம் கணினி வாங்கியதே அதை ஓட்டத்தான். பிறகு விண்டோஸ் வந்தபோது லோட்டஸ் நிறுவனம் தவறான குதிரையில் காசைக் கட்டியது. ஐபிஎம்மின் ஓஎஸ்/2தான் ஜெயிக்கும் என்று நம்பி, விண்டோஸுக்கான பதிப்பைத் தாமதமாகக் கொண்டுவந்தது. அதற்குள் எக்ஸல் உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டது. 1995இல் ஐபிஎம் லோட்டஸை 350 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இன்று என் வயதுக்காரர்களிடம் லோட்டஸ் என்றால் பூவைத்தான் நினைப்பார்கள்.

மைக்ரோசாப்டும் ஏறக்குறைய அதே பள்ளத்தில் விழப் பார்த்தது. 2007இல் ஐபோன் வந்தபோது அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் தொலைக்காட்சியில் சிரித்தார். 500 டாலர் விலை, விசைப்பலகை கிடையாது, அலுவலகத்துக்காரர்கள் இதில் எப்படி மின்னஞ்சல் அனுப்புவார்கள் என்பது அவர் வாதம். சில ஆண்டுகளில் அந்த அலுவலகத்துக்காரர்களே சொந்தத் திறன்பேசியோடு வேலைக்கு வந்து, "இதில் என் மின்னஞ்சலைப் போட்டுக் கொடு" என்று ஐடி பிரிவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எதைப் பயன்படுத்துவது என்று முதலாளி முடிவு செய்த காலம் போய், ஊழியர் முடிவு செய்யும் காலம் வந்தது. பதறிப்போன மைக்ரோசாப்ட், நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 700 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி, 2015இல் அதைவிடப் பெரிய தொகையை நட்டக் கணக்கில் எழுதியது. லுமியா வைத்திருந்தவர்கள் கை தூக்கவும். நானும் தூக்குகிறேன்.

2014 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா தலைமைக்கு வந்தார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் அவரைப் பற்றி வரும் செய்திகளில் பாதி "இந்தியர் சாதித்தார்" ரகம். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. அடுத்த மாதமே ஆப்பிளின் ஐபேடில் வோர்டும் எக்ஸலும் வந்தன. பால்மர் 2001இல் புற்றுநோய் என்று திட்டிய லினக்ஸை, நாதெல்லா மேடையில் நின்று நேசிப்பதாகச் சொன்னார். விண்டோஸைக் காப்பாற்றுவதற்காக மற்றவற்றைப் பலி கொடுக்கும் பழக்கம் அத்தோடு நின்றது. எந்தக் கருவியில் வேண்டுமானாலும் திறந்துகொள், மாதச் சந்தாவை மட்டும் எங்களுக்குக் கட்டு என்பதுதான் புதிய வியாபாரம். அவர் பொறுப்பேற்றபோது சுமார் 30,000 கோடி டாலராக இருந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு, 2024 ஜனவரியில் 3 லட்சம் கோடியைத் தொட்டது.

ஆனால் இதை வெறும் ஞானோதயக் கதையாகச் சொன்னால் பாதி உண்மைதான். மீதிப் பாதி, மொத்தமாகக் கட்டி விற்பது. டீம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாக் என்ற செயலி அலுவலக அரட்டையில் முந்திக்கொண்டு ஓடியது. மைக்ரோசாப்ட் 2017இல் டீம்ஸை வெளியிட்டு, ஆபீஸ் சந்தாவோடு சேர்த்தே கொடுத்தது. ஏற்கெனவே கையில் இருக்கும்போது இன்னொன்றுக்கு எந்த முதலாளி காசு கட்டுவார்? ஸ்லாக் 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் புகார் கொடுத்தது. டீம்ஸைப் பிரித்து விற்க மைக்ரோசாப்ட் சம்மதித்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது. டீம்ஸை விரும்பிப் பயன்படுத்துகிறேன் என்று ஒருவர்கூட இதுவரை என்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் தினமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே ஊழியரின் விருப்பம் மாறுவது மட்டும் இந்த நிறுவனத்தைச் சாய்க்காது என்று நினைக்கிறேன். விருப்பம் ஒன்று, ஒப்பந்தம் இன்னொன்று. ஒப்பந்தமே கை மாறினால்தான் வலிக்கும். நம் நாட்டில் அதுவும் நடக்கிறது. 2024 மே மாதம் நாதெல்லா கோலாலம்பூருக்கு வந்து, நான்கு ஆண்டுகளில் 220 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார். ஆனால் மலேசிய அரசு 4,45,000 பொதுச் சேவை ஊழியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொடுக்க முடிவு செய்தபோது, மேசைக்கு வந்தது கூகுளின் ஜெமினி. அக்கா மகள் நாளை அரசாங்க வேலைக்குப் போனால், வீட்டுப்பாடம் செய்த அதே திரையில்தான் கோப்பும் எழுதுவாள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரியும் ஆபத்து வேறு. மைக்ரோசாப்ட் இன்று ஆள் கணக்கில் விற்கிறது. நூறு ஊழியர் என்றால் நூறு சந்தா. அதன்மேல், அலுவலகங்களுக்கான கோபைலட் உதவியாளரை 2023இல் ஓர் ஆளுக்கு மாதம் 30 டாலர் என்று விற்பனைக்கு விட்டது. மூன்று கிராணிகளின் வேலையை ஒருவர் செய்யலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. முதலாளி அதை நம்பி இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினால், இரண்டு சந்தாவும் சேர்ந்து போகும். தான் விற்கும் பொருள் வெற்றி பெற்றால் தன் வாடிக்கையாளர் எண்ணிக்கை குறையும் என்ற இக்கட்டு லோட்டஸுக்குக்கூட வந்ததில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் நமக்குத் தெரிந்தவராக இருப்பார் என்பது வேறு விஷயம்.

இதை அத்தானிடம் சொன்னேன். அவருடைய கவலை வேறு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடு நின்றுவிட்டது. அவர் அலுவலகத்தில் இருக்கும் மூன்று கணினிகளில் இரண்டு விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய இயந்திரங்கள். புதுசு வாங்கணும், இல்லையென்றால் மாறணும். "மாறுனா என்ன?" என்று மகள் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், கிராணி அக்காவின் கோப்பை அங்கேயே கூகுள் ஷீட்ஸில் ஏற்றினாள். வண்ணங்கள் வந்தன, கூட்டல் கழித்தல் வந்தது. சம்பளச் சீட்டுப் பொத்தான் மட்டும் அசையவில்லை. எக்ஸலுக்குள் எழுதப்பட்ட மேக்ரோ அது. ஷீட்ஸில் ஓடாது.

அத்தான் முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் அவள் விடவில்லை. டிரிப் பட்டியலை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, ஓட்டுநர்கள் கைப்பேசியிலேயே நிரப்பும்படி ஒரு ஷீட் செய்து அப்பாவுக்கு அனுப்பினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நேற்று அக்கா போன் செய்தாள். ஓட்டுநர்களில் நால்வர் அதில் நிரப்பத் தொடங்கிவிட்டார்களாம். கிராணி அக்கா தினமும் மாலை அதைப் பார்த்து, ஒரு வரி விடாமல் எக்ஸலில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாராம்.