காய்ச்சலும் உடலின் காவலும்



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும், முன்பு மிஞ்சிய அன்டிபயோட்டிக் மருந்தைத் தேடியெடுக்கும் உம்மாமார் பலர். அது பக்டீரியாவைத்தான் அழிக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது.

வைரஸை எதிர்க்க அல்லாஹ் நம் உடலிலேயே காவல் வைத்திருக்கின்றான். தோலும் மூக்குச் சளியும் முதல் வேலி. அதைத் தாண்டி ஒரு கலத்தினுள் வைரஸ் புகுந்தால், அக்கலம் 'இன்டர்பெரோன்' என்னும் புரதத்தை வெளியிட்டு அயற்கலங்களை எச்சரிக்கும். அவை தம்முள் வைரஸ் பெருகாதபடி ஆயத்தமாகிவிடும். 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவர் இதனைக் கண்டறிந்தனர். இந்தக் காவல் சில மணி நேரத்தில் தொடங்கும். குறித்த வைரஸுக்கென்றே பிறபொருளெதிரி உருவாக ஒரு வாரமளவு செல்லும்.

இந்தப் போராட்டத்தின் அடையாளமே காய்ச்சலும் உடம்பு நோவும். எனவே ஓய்வும் நீராகாரமும் கொடுங்கள். தேவையெனில் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் போதும். டெங்கு பரவும் நம் நாட்டில் அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்க வேண்டாம்.

காவல் உண்டென்று அசட்டையாகவும் இருக்கலாகாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றால் உடனே டொக்டரிடம் செல்லுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். கடும் வயிற்று நோவு, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தானது.

தவக்குலுடன் கவனமும் சேரட்டும், சகோதரிகளே!