வெள்ளியும் வித்தையும்

ஏலம் என்றதும் நம்மவர் முகஞ்சுளிப்பர். கடன்பட்டார் வீட்டுப் பொருள்கள் முற்றத்திலே கூறி விற்கப்படுங் காட்சியே நம் நினைவுக்கு வருவது. ஆயின், உடையவன் தானே விரும்பி விடுக்கும் ஏலமும் உண்டு; அஃது அறத்தின்பாற்பட்டது.

யாழ்ப்பாண மாணவர் அழைப்பினை ஏற்று, 1927 நவம்பரில் இங்கு வந்து கதர் நிதி திரட்டியவர் காந்தியடிகள். 1901இல் அவர் தென்னாபிரிக்காவினின்று புறப்பட்டபோது பொன்னும் வெள்ளியும் வைரமும் பரிசாகக் குவிந்தன. வருங்கால மருமக்களுக்கு உதவுமென்று கஸ்தூரிபாய் வாதாடினார்; அடிகளோ அவற்றைப் பொதுப்பணிக்குரிய தருமநிதியாக்கினார். 1933-34இல் அரிசன நிதிக்காகச் சுற்றியபோது, தமக்களித்த வெள்ளிப் பேழைகளைக் கூட்டத்திலேயே ஏலங் கூறினார்.

நம் இல்லங்களிலும் பாட்டன் காலத்துப் பன்னீர்ச்செம்பு, சந்தனக்கிண்ணம், வெற்றிலைத்தட்டம் என்பன பெட்டகத்துட் கறுத்துக் கிடக்கின்றன. தட்டாரிடங் கொடுத்தால் எடைக்கே விலை. உருக்கியதும் கைவினை அழியும். ஏலத்திலோ பழைமைக்கும் வேலைப்பாட்டுக்கும் விலையுண்டு. பொருளும் முழுதாய் நிலைக்கும்.

முன்னோர் கைபட்ட பொருளைப் பிரிதல் எளிதன்று. அவ்வுணர்ச்சியை நாம் இகழோம். கோயிலுக்குரியனவும், பெற்றோர் நினைவாகப் போற்றுவனவும் இருக்கட்டும். எஞ்சியவற்றைப் பழைய மாணவர் மனமுவந்து தருவாராயின், ஒவ்வொன்றையும் படமெடுத்து, எடையும் வரலாறும் பதிந்து, பகிரங்கமாக ஏலம் விட்டு, வரும் பணத்தை வறிய மாணவர் நிதியிற் சேர்க்கலாம். கணக்கு முழுவதும் அச்சிற் பதித்து வெளியிடப்படல் வேண்டும். கணக்கில்லாத தருமத்தை ஊர் நம்பாது.

புத்தகமும் சீருடையும் வாங்கவியலாது படிப்பைக் கைவிடும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உளர். பெட்டகத்து வெள்ளி அவர்க்குப் பயன்படுமாயின், அதனினும் ஏற்ற விழாக் காணிக்கை வேறில்லை.